அட்டை இருந்தும் கால் போவது ஏன்?

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

இன்ஷூரன்ஸ் பற்றிப் பேசச் சொன்னார்கள். பாலிசி பிடிக்க வந்த ஏஜெண்டு என்று எண்ணி யாரும் எழுந்து போய்விட வேண்டாம்! நான் பேசப்போவது அமெரிக்காவில் ஏழைகளுக்கு அரசாங்கமே கொடுக்கின்ற மருத்துவக் காப்பீட்டைப் பற்றி. அந்தக் காப்பீட்டு அட்டை கையில் இருந்தும், கால்களை இழந்துகொண்டிருக்கிற மக்களைப் பற்றி.

அமெரிக்காக்காரனுக்குக் கால் போனால் நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். மருத்துவத்துக்காக உலகிலேயே அதிகமாகச் செலவழிக்கும் நாடு அது. அத்தனை பணத்தைக் கொட்டியும் ஓர் ஏழையின் காலைக் காப்பாற்ற முடியவில்லை என்றால், ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நமக்கும் நல்லதல்லவா?

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். இருதயத்துக்குப் போகும் இரத்தக் குழாயில் கொழுப்பு படிந்து அடைத்தால் மாரடைப்பு என்கிறோம். மூளைக்குப் போகும் குழாய் அடைத்தால் பக்கவாதம். இதே அடைப்பு காலுக்குப் போகும் குழாயிலும் வரும். உலகில் 20 கோடிக்கும் அதிகமானோருக்கு இது இருக்கிறது. மாரடைப்பைப் போல ஒரே நாளில் ஆளைச் சாய்ப்பதில்லை. அதனால்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும்; நின்றால் விட்டுவிடும். "வயசாச்சு, வாயுப் பிடிப்பு" என்று தைலம் தேய்ப்பார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கோ நரம்பு மரத்துப் போயிருப்பதால் அந்த வலிகூடத் தெரியாது. செருப்பு கடித்த ஒரு சிறு புண் ஆறாமல் நிற்கும். இரத்தம் போய்ச் சேராத இடத்தில் எந்தக் களிம்பு வேலை செய்யும்? விரல் கறுக்கும், அழுகும், பிறகு டாக்டர் கத்தியை எடுப்பார். கணுக்காலுக்கு மேலே கால் எடுக்கப்பட்டவர்களில் பாதிப்பேர் அளவுக்கு 5 ஆண்டுகளுக்குள் இறந்து போகிறார்கள் என்று ஆய்வுகள் மீண்டும் மீண்டும் சொல்கின்றன. பல புற்றுநோய்களைவிட மோசமான கணக்கு இது!

இந்த நோயைக் கொண்டுவருவதில் முதலிடம் புகைக்கும் சர்க்கரைக்கும்தான். பிரஷரும் கொழுப்பும் கூடவே வருகின்றன. கல்லாவில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் ஊதித் தள்ளுகிற அன்பர்கள் இந்த அவையிலும் இருக்கக்கூடும். பெயர் சொல்ல மாட்டேன்!

இரண்டு அட்டைகள்

அமெரிக்காவில் அரசுக் காப்பீடு இரண்டு வகை. 1965 ஜூலை 30 அன்று ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட ஒரே சட்டத்தில் பிறந்தவை இரண்டும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மெடிகேர்; பணக்காரன், ஏழை என்ற பேதம் அதில் கிடையாது. ஏழைகளுக்கு மெடிக்கெய்ட், இதன் செலவை மத்திய அரசும் மாநில அரசும் பங்கிட்டுக்கொள்கின்றன. யாருக்கு உண்டு, எதற்கெல்லாம் உண்டு என்பதைப் பெருமளவுக்கு மாநிலங்களே முடிவு செய்கின்றன. 2024இல் மெடிக்கெய்ட் அட்டை வைத்திருந்தவர்கள் 7 கோடிக்கும் மேல். மற்றவர்களில் பெரும்பாலோர், வேலை பார்க்கும் கம்பெனி மூலம் தனியார் காப்பீடு பெற்றவர்கள். எதுவுமே இல்லாதவர்கள் 2010இல் நாலரைக் கோடிக்கும் அதிகமாக இருந்தார்கள்.

காலில் இரத்தக் குழாய் அடைப்போடு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை ஆராய்ச்சியாளர்கள் அட்டை வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். தனியார் காப்பீடு வைத்திருப்பவர், நடந்தால் வலிக்கிறது என்று சொல்லும் கட்டத்திலேயே வந்துவிடுகிறார். மெடிக்கெய்ட்காரரும் அட்டையே இல்லாதவரும், புண் அழுகிய பிறகு வருகிறார்கள். முன்னவருக்கு மாத்திரை, நடைப்பயிற்சி, தேவைப்பட்டால் பலூன், ஸ்டென்ட், பைபாஸ். பின்னவருக்குக் காலை எடுப்பது ஒன்றுதான் வழியாகி விடுகிறது. ஒன்றிரண்டு ஆய்வுகளில் அல்ல, பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு இது.

இதை வைத்துக்கொண்டு சிலர் என்ன செய்தார்கள் தெரியுமா? "பார்த்தீர்களா! மெடிக்கெய்ட் இருப்பதைவிட இன்ஷூரன்ஸே இல்லாமல் இருப்பது மேல்" என்று 2011 வாக்கில் பெரிய பத்திரிகைகளிலேயே எழுதினார்கள். ஏழைக்கான பணத்தை வெட்டுவதற்கு இதைவிட வசதியான வாதம் கிடைக்குமா?

வியாபாரிகளே, உங்களுக்குக் கணக்கு தெரியும். கணக்கில் எழுதியிருப்பதைப் படிப்பது வேறு. அந்த வரவு எப்படி வந்தது என்று பார்ப்பது வேறு. மெடிக்கெய்ட் அட்டை யாருக்குக் கிடைக்கிறது? ஏழைக்கும், உடல் முடியாமல் வேலையை இழந்தவருக்கும். அதாவது, அட்டை கைக்கு வருவதற்கு முன்பே அந்த மனிதர் பல ஆண்டுகள் டாக்டரைப் பார்க்காமல், சர்க்கரையைக் கவனிக்காமல், கிடைத்ததைத் தின்று வாழ்ந்தவர். இன்னொரு விஷயமும் உண்டு. எந்த அட்டையும் இல்லாத ஒருவர் அழுகிய காலோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி தன் பில்லுக்கு வழி தேட வேண்டாமா? தகுதி இருந்தால் அங்கேயே விண்ணப்பம் எழுதி மெடிக்கெய்டில் சேர்த்துவிடுகிறார்கள். முந்தைய 3 மாதச் செலவையும் சேர்த்து ஏற்கும் விதி பெரும்பாலான மாநிலங்களில் இருந்து வந்திருக்கிறது. ஆஸ்பத்திரி ஏட்டில் அவர் "மெடிக்கெய்ட் நோயாளி". கால் போனது "மெடிக்கெய்ட்" கணக்கில் ஏறிவிடும். உண்மையில் அந்தக் கால் போனது, அட்டை இல்லாத அத்தனை ஆண்டுகளில்!

சீட்டுக் குலுக்கல் சொன்ன உண்மை

அட்டை நன்மை செய்கிறதா, இல்லையா என்பதைச் சரியாக அறிய வேண்டுமானால், ஒரே மாதிரியான ஏழைகளில் சிலருக்குக் கொடுத்து, சிலருக்குக் கொடுக்காமல் பார்க்க வேண்டும். வேண்டுமென்றே அப்படிச் செய்வது அநியாயம். ஆனால் ஒரேகன் மாநிலத்தில் 2008இல் அது தானாக நடந்தது. மாநிலத்திடம் இருந்த பணம் ஏறத்தாழ 10 ஆயிரம் பேருக்குத்தான் போதும். பெயர் கொடுத்தவர்களோ 90 ஆயிரம் பேர் அளவில். குலுக்கல் போட்டார்கள்! பெயர் விழுந்தவர்களையும் விழாதவர்களையும் ஆராய்ச்சியாளர்கள் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள்.

2013இல் முடிவு வெளிவந்தது. அட்டை பெற்றவர்கள் டாக்டரிடம் அதிகம் போனார்கள். சர்க்கரை இருப்பது அதிகம் பேருக்குக் கண்டுபிடிக்கப்பட்டது. மாத்திரை சாப்பிடுவோர் அதிகரித்தார்கள். மனச்சோர்வு குறைந்தது. மருத்துவச் செலவால் குடும்பமே மூழ்கிப்போகும் நிலை ஏறக்குறைய இல்லாமலேயே போயிற்று. ஆனால் இரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை அளவு ஆகியவற்றில் குறிப்பிடும்படியான மாற்றம் அந்த இரண்டு ஆண்டுகளில் தெரியவில்லை.

இரு தரப்பாரும் இந்த முடிவைத் தங்களுக்கு வேண்டிய பக்கமாக இழுத்தார்கள். என் கருத்தைக் கேட்டால், இரண்டு ஆண்டு என்பது இரத்தக் குழாய் நோய்க்கு மிகக் குறைந்த காலம். 20 ஆண்டு படிந்த கொழுப்பு 24 மாதத்தில் கரைந்துவிடாது. என்றாலும், அட்டை கொடுத்த மாத்திரத்தில் உடம்பு தேறிவிடும் என்று நினைப்பவர்களுக்கு அது ஒரு கடிவாளம்தான்.

இதைவிடப் பெரிய சோதனை பின்னால் வந்தது. ஒபாமா காலத்தில், 2010இல் வந்த சட்டம், வறுமைக்கோட்டு வருமானத்தில் 138 சதவீதம் வரை உள்ள எல்லோருக்கும் மெடிக்கெய்ட் என்றது. 2012இல் உச்சநீதிமன்றம், இதை ஏற்பதும் ஏற்காததும் மாநிலங்களின் விருப்பம் என்று தீர்ப்பளித்தது. 2014இல் விரிவாக்கம் தொடங்கியது. 40 மாநிலங்கள் படிப்படியாக ஏற்றன. டெக்சாஸ், புளோரிடா, ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி உள்ளிட்ட 10 மாநிலங்கள், 2025 வரையிலும் ஏற்கவில்லை. செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசு தருகிறது என்றபோதும்! இந்த மாநிலங்களில் பெரும்பாலானவற்றில் பிள்ளைகள் இல்லாத, உடல் ஊனமில்லாத ஒருவர் எவ்வளவு ஏழையாக இருந்தாலும் அட்டை கிடையாது. கொஞ்சம் அதிகம் சம்பாதிப்பவருக்குத் தனியார் காப்பீடு வாங்க மானியம் உண்டு. ஒன்றுமே இல்லாதவருக்கு அதுவும் இல்லை. இந்த இடைவெளியில் விழுந்து கிடப்பவர்கள் 10 லட்சத்துக்கும் மேல்.

சர்க்கரைக் கால்புண்ணோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த சிறுபான்மை இனத்தவரை இந்த இரு வகை மாநிலங்களிலும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு 2022இல் வந்தது. விரிவாக்கத்தை முதலிலேயே ஏற்ற மாநிலங்களில் கால் எடுக்கும் விகிதம் ஏறாமல் நின்றது. ஏற்காத மாநிலங்களில் ஏறியது. ஆக, அட்டை உதவுகிறது. ஆனால் போதுமா?

ஒரு டாலர் மிச்சம், 48 டாலர் நஷ்டம்

வணிகர்கள் ஊருக்குப் போய்ச் சொல்ல வேண்டிய கதை ஒன்று உண்டு. அரிசோனா மாநிலத்தில் 2010 வாக்கில் பட்ஜெட் நெருக்கடி. எதை வெட்டலாம் என்று பார்த்தார்கள். பாத மருத்துவர் என்று அங்கே தனியாக ஒரு பிரிவு உண்டு. நகம் வெட்டுவது, காய்ப்பைச் செதுக்குவது, புண்ணுக்குக் கட்டுப்போடுவது, சரியான செருப்பு எழுதித் தருவது எல்லாம் அவர்கள் வேலை. மத்திய சட்டப்படி பெரியவர்களுக்கு மெடிக்கெய்டில் இது கட்டாயமில்லை. "நகம் வெட்டவா அரசாங்கப் பணம்?" என்று நீக்கிவிட்டார்கள்.

விளைவு என்ன? சர்க்கரைக் கால்நோயால் ஆஸ்பத்திரியில் சேர்வோர் அதிகமானார்கள். வருகிறவர்களின் நிலையும் மோசமானது. கணக்குப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், பாத மருத்துவத்தில் மிச்சப்படுத்திய ஒவ்வொரு டாலருக்கும் 48 டாலர் கூடுதல் செலவு ஏற்பட்டதாக 2014இல் எழுதினார்கள். முதல் போடாமல் மிச்சம் பிடித்து, கடையையே கொளுத்திய கதை! பிறகு அந்தச் சலுகையை மாநிலம் திரும்பக் கொண்டுவந்தது. பணம் திரும்பியது. போன கால்கள்?

இன்னொரு ஓட்டை, டாக்டர் கூலி. ஒரே வைத்தியத்துக்கு மெடிகேர் 100 ரூபாய் தருகிறது என்றால், மெடிக்கெய்ட் தருவது 2019 கணக்குப்படி நாட்டுச் சராசரியில் 72 ரூபாய்தான். எனவே "மெடிக்கெய்ட் நோயாளிகளைப் பார்ப்பதில்லை" என்கிற டாக்டர்கள் நிறைய. இரத்தக் குழாய் நிபுணர்கள் பெருநகரங்களில் குவிந்திருக்கிறார்கள். 150 மைல் தள்ளியிருக்கிற கிராமத்துக்காரர், கார் இல்லாதவர், ஒரு நாள் கூலியை இழந்து எப்படிப் போவார்?

அட்டையும் நிலையாக இருப்பதில்லை. கொரோனா காலத்தில் யாரையும் நீக்கக்கூடாது என்றிருந்த விதி முடிந்து, 2023 ஏப்ரல் முதல் பழையபடி சரிபார்ப்பு ஆரம்பமானது. 2 கோடியே 50 லட்சத்துக்கும் அதிகமானோர் நீக்கப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ பத்துக்கு ஏழு பேர், தகுதி இல்லை என்று நிரூபிக்கப்பட்டு நீக்கப்பட்டவர்கள் அல்ல. படிவம் போய்ச் சேரவில்லை, பதில் வரவில்லை, முகவரி மாறிவிட்டது! காலில் ஆறாத புண்ணோடு இருப்பவருக்கு அட்டை இல்லாத மூன்று மாதம் என்பது மூன்று விரல்.

எல்லோருக்கும் ஒரே அட்டை, ஆனாலும்...

இவ்வளவும் அட்டையின் கோளாறு என்று முடித்துவிட முடியுமா? மெடிகேரைப் பாருங்கள். 65ஐத் தாண்டிய வெள்ளையருக்கும் கருப்பருக்கும் அதே அட்டை. ஆனால் டார்ட்மவுத் நிறுவனம் 2014இல் வெளியிட்ட அறிக்கை, மெடிகேர் நோயாளிகளிலேயே கருப்பின மக்கள் மற்றவர்களைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு கால்களை இழப்பதைக் காட்டியது. ஊருக்கு ஊரும் வித்தியாசம். மிசிசிப்பி மாநிலத்தின் டுபலோ பகுதி மிக மோசமான இடங்களில் ஒன்று. அதே ஆண்டு கலிபோர்னியாவில் நடந்த இன்னோர் ஆய்வு, ஏழைப் பகுதிகளுக்கும் வசதியான பகுதிகளுக்கும் இடையே சர்க்கரையால் கால் எடுப்பதில் பத்து மடங்கு வரை வித்தியாசம் இருப்பதைக் கண்டது. ஒரே மாநிலம்! பக்கத்துப் பக்கத்துத் தெருக்கள்!

2020இல் புரோபப்ளிகா என்ற பத்திரிகை நிறுவனம் மிசிசிப்பி டெல்டா பகுதியைப் பற்றி எழுதியது. கால்கள் அதிகம் எடுக்கப்படும் இடங்களைக் காட்டும் வரைபடத்தையும், உள்நாட்டுப் போருக்கு முன் அடிமைகள் அதிகம் இருந்த இடங்களைக் காட்டும் வரைபடத்தையும் அருகருகே வைத்தால், இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன என்றது. சகோதரர்களே, 1865இல் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது. 150 ஆண்டுகளுக்குப் பிறகும் அதன் நிழல் மனிதர்களின் பாதத்தில் விழுந்துகொண்டிருக்கிறது!

அந்தப் பகுதிக்கு 2015இல் போய் மருத்துவமனை திறந்தவர் ஃபோலுசோ ஃபகோரெடே என்ற இருதய நிபுணர், நைஜீரிய வம்சாவளியினர். அவர் பெரிய அதிசயம் எதையும் செய்யவில்லை. காலை எடுப்பதற்கு முன் ஆஞ்சியோகிராம் செய்து, அடைப்பு எங்கே என்று பார்த்து, திறக்க முடிந்ததைத் திறந்தார். அவ்வளவுதான். அங்கே கால் எடுப்பது வெகுவாகக் குறைந்தது.

இதில் அதிசயம் என்ன என்கிறீர்களா? 2003 முதல் 2006 வரை காலை இழந்த மெடிகேர் நோயாளிகளின் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, பாதிப்பேருக்கும் அதிகமானோருக்கு, கால் எடுப்பதற்கு முந்தைய ஓராண்டில், அடைப்பைத் திறக்க எந்த முயற்சியுமே நடந்திருக்கவில்லை! வெட்டுவதற்குப் பணம் உண்டு. வெட்டுவதற்கு முன் பார்த்தாயா என்று கேட்பார் இல்லை. முன்பே பரிசோதித்துப் பார்க்கவேண்டும், இல்லையேல் பணம் கிடையாது என்று ஒரு மசோதாவை 2020இல் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தார் டொனால்ட் பெய்ன் ஜூனியர் என்ற உறுப்பினர். அவரும் சர்க்கரை நோயாளி. 2024 ஏப்ரலில் அவர் இறக்கும் வரை அது சட்டமாகவில்லை.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான புதிய சட்டம் வேறு திசையில் போகிறது. விரிவாக்கத்தில் அட்டை பெற்றவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலை செய்ததைக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையை 2027 தொடக்கத்திற்குள் மாநிலங்கள் கொண்டுவர வேண்டுமாம். நோயாளிகளுக்கு விலக்கு உண்டு என்கிறார்கள். அந்த விலக்கைப் பெறவும் படிவம் உண்டல்லவா?

நம் வாசலுக்கு வருவோம்

நம் மாநிலத்திலும் முதலமைச்சர் பெயரிலான காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. நம் இளைஞர்கள் வீடு வீடாகப் போய் வருமானச் சான்று, குடும்ப அட்டை நகல் எல்லாம் சேர்த்துக் கார்டு வாங்கிக் கொடுக்கிறார்கள். பாராட்ட வேண்டிய பணி. ஆனால் அந்தக் கார்டு பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் பேசும். படுப்பதற்கு முந்தைய பத்து ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு? கார்டு கொடுக்கப் போகிற வீட்டில், "வாப்பா காலைக் காட்டுங்க" என்று கேட்க ஒரு நிமிடம் ஆகுமா? புண் இருந்தால் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போக ஒரு சைக்கிள் போதுமே! ஐந்து வேளையும் ஒளூச் செய்யும்போது காலைக் கழுவுகிறோம். கழுவுகிற கை, விரலிடுக்கையும் உள்ளங்காலையும் தடவிப் பார்க்கட்டும், கண்ணும் பார்க்கட்டும்.

சில சகோதரர்கள் துண்டுச் சீட்டில் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். நேரம் குறைவு; இரண்டுக்கு மட்டும் சொல்கிறேன்.

"காலில் அடைப்பு இருக்கிறதா என்று அறிய நிறையச் செலவாகுமா?" ஆகாது. கையில் பிரஷர் பார்ப்பதுபோலக் கணுக்காலிலும் பார்த்து, கால் அளவைக் கை அளவால் வகுப்பார்கள். 0.90க்குக் கீழே வந்தால் அடைப்பு என்று பொருள். சர்க்கரை நெடுநாள் உள்ளவர்களுக்குக் குழாய் கல்போல இறுகி, அளவு தவறாக அதிகம் காட்டக்கூடும். அவர்களுக்குக் கால் பெருவிரலில் பார்ப்பார்கள். அதற்கும் முன், பாதத்தில் நாடி துடிக்கிறதா என்று டாக்டர் விரல் வைத்துப் பார்ப்பதற்குக் காசே இல்லை.

"அடைப்பு இருப்பது தெரிந்தால் நடக்கலாமா, கூடாதா?" புண் இல்லாதவர் டாக்டரைக் கேட்டுவிட்டு நடக்க வேண்டும். வலி வரும்வரை நடந்து, நின்று, வலி போனதும் மீண்டும் நடப்பதுதான் அதற்கு முதல் வைத்தியங்களில் ஒன்று. மாதக்கணக்கில் செய்தால் நடக்கும் தூரம் கூடும். கூடவே, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும், இரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் போன்ற மாத்திரையும் எழுதித் தருவார்கள். ஆனால் சட்டைப் பையில் இருக்கிற அந்தப் பாக்கெட்டை இன்றைக்கே வெளியே எறிந்தாக வேண்டும். புண் இருப்பவர் நடைப்பயிற்சியை மறந்துவிட்டு, நாளைக் காலை ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கட்டும்.